சிறிய சபைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: முதல் ஞாயிறு தொடங்கி முதல் அசனம் (சபைப் பொது விருந்து) வரை

பணி மாறுதலில் வந்தோ, திருமணமாகி வந்தோ, ஓய்வு பெற்றுப் பூர்வீக ஊருக்குத் திரும்பியோ, திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் குடியேறி, அங்குள்ள சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் சேர விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெருநகரத்து ஆலயத்தில் ஒருவர் பத்து ஆண்டுகள் தவறாமல் ஆராதனைக்குப் போய்வந்தும், பக்கத்து இருக்கைக்காரரின் பெயரை அறியாமல் இருந்துவிட முடியும். ஐம்பது குடும்பங்கள் மட்டும் உள்ள சபையில் அது நடக்காது. நீங்கள் வராத ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் யாராவது ஒருவர் வாசலில் வந்து, "உடம்புக்கு என்ன?" என்று கேட்பார். இந்த நெருக்கம் சிலருக்கு முதல் நாளிலிருந்தே ஆறுதலாக இருக்கும்; சிலருக்கு மூச்சு முட்டும். நான் வந்த புதிதில் இரண்டாம் வகையைச் சேர்ந்தவனாக இருந்தேன். இப்போது பதினொன்றாம் ஆண்டு நடக்கிறது. இந்த ஆண்டுகளில் நான் தாமதமாகக் கற்றுக்கொண்டவற்றை நீங்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் இந்த ஊர்களின் அமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். பாளையங்கோட்டையில் 1780ஆம் ஆண்டு எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் இருந்தவை 40 பெயர்கள்தான். அந்தச் சிறு கூட்டத்துக்காக, அதில் ஒருவரான குளோரிந்தா அம்மையார் கட்டிய ஆலயம் 1785இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. பிறகு 1799இல், சாத்தான்குளத்துக்கு அருகே நிலம் வாங்கிப் புதிய விசுவாசிகள் குடியேறிய ஊருக்கு முதலூர் என்றே பெயர் வைத்தார்கள். அதைத் தொடர்ந்து செம்மணல் பரந்த தேரிக்காட்டுப் பகுதியிலும் தாமிரபரணிக் கரையிலும் சபையாகவே உருவான ஊர்கள் பல. அதனால்தான் இங்கே கோயில் காரியத்துக்கும் ஊர்க் காரியத்துக்கும் நடுவில் கோடு போட முடியாது. ஆலயத்தை இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் இன்றும் வீட்டுப் பேச்சில் 'கோயில்' என்றுதான் சொல்வார்கள். தண்ணீர்க் குழாய், தெருவிளக்கு, பள்ளிக்கூடக் கூரை என எந்தப் பேச்சானாலும் அது ஆராதனை முடிந்த பிறகு கோயில் வாசலில் வந்து நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே செய்ய வேண்டியவை

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் நேராக ஆராதனைக்குப் போய்விடுகிறார்கள். அதைவிட, ஒரு வாரநாள் மாலையில் சபை ஊழியரின் வீட்டுக்குப் போய் அறிமுகமாகிக்கொள்வது நல்லது. சிற்றூர்ச் சபைகள் பலவற்றைச் சேர்த்து ஒரு சேகரம் என்று அமைத்திருப்பார்கள். சேகரத்துக்குக் குருவானவர் ஒருவர்தான் இருப்பார். அவர் எல்லாச் சபைகளுக்கும் முறைவைத்துச் செல்வதால், உங்கள் ஊருக்கு மாதத்தில் ஓரிரு ஞாயிறுகளில்தான் வர முடியும். மற்ற நாட்களில் ஆராதனை நடத்துவதும், நோயாளிகளைப் பார்ப்பதும், பதிவேடுகளைப் பராமரிப்பதும் சபை ஊழியர்தான். வயதானவர்கள் அவரை 'உபதேசியார்' என்றும், குருவானவரை 'ஐயர்' என்றும், அவருடைய மனைவியை 'ஐயரம்மா' என்றும் சொல்வதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். அது இங்கே தலைமுறைகளாக வழங்கும் மரியாதைச் சொல்.

போகும்போது, முன்பு நீங்கள் இருந்த சபையின் குருவானவர் கையெழுத்திட்ட மாறுதல் கடிதத்தையும், குடும்பத்தார் அனைவரின் ஞானஸ்நானத் தேதி, திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவர் வளர்ந்தபின் தம் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு) பெற்ற ஆண்டு, திருமணத் தேதி, பிறந்த நாள் ஆகியவற்றை எழுதிய ஒரு தாளையும் கொண்டுபோங்கள். இந்தத் தேதிகளை வெறும் அலுவலகச் சடங்குக்காகக் கேட்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். பிறந்த நாளும் திருமண நாளும் வருகிற வாரத்தில் உங்கள் பெயர் ஆலயத்தில் சொல்லப்பட்டு, முன்னால் அழைத்து ஜெபிப்பார்கள். பின்னாளில் பிள்ளையின் திருமணத்துக்கு ஓலை (ஆலயத்தில் சொல்லும் திருமண அறிவிப்பு) வாசிக்க வேண்டி வந்தாலும், கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்க வேண்டி வந்தாலும், சபை புரட்டிப் பார்ப்பது இதே பதிவேட்டைத்தான். கடிதம் இல்லாமல் வந்தவர்கள் அதற்காகத் தயங்கி நிற்க வேண்டாம். ஆராதனைக்கு வரத் தொடங்கிவிட்டு, கடிதத்தைப் பிறகு வரவழைத்துக்கொள்ளலாம். திடப்படுத்தல் பெறாதவர்களும், வேறு திருச்சபைப் பின்னணியிலிருந்து வருகிறவர்களும், திருவிருந்தில் (அப்பமும் திராட்சரசமும் பெறும் ஆராதனையில்) பங்குபெறுவதைப் பற்றிக் குருவானவரிடம் முன்கூட்டியே பேசிவிடுவது, அந்த நேரத்தில் பீடத்தின் முன் ஏற்படும் தயக்கத்தைத் தவிர்க்கும்.

முதல் ஞாயிறு

ஆராதனைக்கு இரண்டு முறை மணி அடிப்பார்கள். முதல் மணி கிளம்புவதற்கானது, இரண்டாம் மணி ஆரம்பத்துக்கானது என்று கொள்ளுங்கள். இரண்டாம் மணிக்கு ஐந்து நிமிடம் முன்பாவது உள்ளே இருப்பது நல்லது. செருப்பை வெளியே கழற்றிவிட வேண்டும். பழைய ஆலயங்களில் ஆண்கள் ஒருபுறமும் பெண்கள் ஒருபுறமும் அமர்வது வழக்கம்; பெண்கள் முந்தானையால் தலையை மூடிக்கொள்வார்கள். எந்தப் பக்கம் யாருக்கு என்பது ஊருக்கு ஊர் மாறும் என்பதால், வாசலில் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு உள்ளே செல்லுங்கள். பின்வரிசைச் சுவரோரம் பெரும்பாலும் முதியவர்களுக்கு உரிய இடம். யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் முதுகு சாய்க்க அந்தச் சுவர் வேண்டும் என்பதற்காகவே அரைமணி நேரம் முன்பாக வந்து உட்காரும் ஆச்சிகள் இருக்கிறார்கள்.

தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை ஆகிய மூன்று மரபுகள் இணைந்து உருவானது என்றாலும், பழைய மரபின் சாயல் ஒவ்வொரு பகுதியிலும் இன்னும் மிச்சமிருக்கிறது. திருநெல்வேலிப் பக்கம் ஆங்கிலிக்கன் மரபில் வளர்ந்தது. ஆகவே முழங்கால்படியிடுவதும், ஆராதனை முறையைப் புத்தகம் பார்த்து மறுமொழி சொல்லி நடத்துவதும், திருச்சபை ஆண்டின் காலத்துக்கு ஏற்பப் பீடத்து விரிப்பின் நிறம் மாறுவதும் இங்கே இயல்பு. லண்டன் மிஷனரி சங்கத்தின் வழியில் வளர்ந்த கன்னியாகுமரிப் பகுதியிலிருந்து வருகிறவர்களுக்கு இது சற்று இறுக்கமாகத் தோன்றலாம். நான்கைந்து வாரம் பொறுத்திருங்கள். சபையார் ஒருமித்துச் சொல்லும் மறுமொழிகள் மனப்பாடமாகிவிட்டால், துக்கத்திலோ களைப்பிலோ சொந்தமாக ஜெபிக்க வார்த்தை வராத நாளில் அவையே உங்களைத் தாங்கும். இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

பாடல்களில் பாமாலையும் உண்டு, கீர்த்தனையும் உண்டு. பாமாலை மேற்கத்திய மெட்டில் அமைந்தது. கீர்த்தனை நம் இராகத்தில் அமைந்தது. கீர்த்தனையைச் சிற்றூர்ச் சபைகளில் ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் தொடர்ந்து பாடுவார்கள். எடுத்துக்கொடுப்பவர் பிடிக்கிற சுருதியும் வேகமும்தான் அன்றைய அளவு. உங்களுக்கு இசைப் பயிற்சி இருந்தாலும், முதல் மாதங்களில் அதைத் திருத்த முயல வேண்டாம்.

ஆராதனை முடிந்தவுடன் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு என்று நினைக்கிறேன். வாசல் வேப்பமரத்தடியில் கால்மணி நேரமாவது நில்லுங்கள். பெரியவர்களுக்கு "ஸ்தோத்திரம்" சொல்லுங்கள். "நீங்க எந்த ஊரு, யாரு வீட்டு ஆளு?" என்ற கேள்வி வரும். பெரும்பாலும் அது உறவு தேடும் கேள்விதான். இரண்டு தலைமுறை பின்னோக்கிப் போனால் யாருடைய அத்தையோ சித்தியோ உங்கள் ஊரில் வாக்கப்பட்டிருப்பார். அதற்கு மேல் நீங்கள் அண்ணாச்சியாகவோ மைனியாகவோ ஆகிவிடுவீர்கள். ஆனால் சில வேளைகளில் அது சாதியைத் தெரிந்துகொள்ளும் கேள்வியாகவும் இருக்கும் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒரே சமூகத்தார் சேர்ந்து உருவாக்கிய ஊர்கள் பல என்பதால் இந்தக் குறை சபைக்குள்ளும் நீடிக்கிறது. நீங்கள் ஊரையும் தொழிலையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு மேல் விளக்கம் தரும் கடமை எந்தக் கிறிஸ்தவருக்கும் இல்லை.

காணிக்கையைப் பற்றி

கூச்சமில்லாமல் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய காரியம் இது. ஞாயிறு ஆராதனையில் எடுக்கும் காணிக்கை தவிர, குடும்பத்துக்கு இவ்வளவு என்று முறையாகச் செலுத்தும் சங்கக் காணிக்கை உண்டு. சபை உறுப்பினர் என்ற தகுதியும், சபைத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையும் இதை ஒழுங்காகச் செலுத்துவதோடு இணைந்திருப்பதால், நிலுவை வைக்காதீர்கள். பிறந்த நாள், திருமண நாள், பிள்ளையின் தேர்ச்சி, நோயிலிருந்து சுகம் போன்றவற்றுக்கு ஸ்தோத்திரக் காணிக்கை கொடுப்பார்கள். உறையின் மேல் காரணத்தை எழுதிக் கொடுத்தால் அதை வாசித்து ஜெபிப்பார்கள். மிஷனரிப் பணிக்கான காணிக்கை தனி. 1903இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கத்தைத் தாங்கி வந்தவை இதுபோன்ற சிறிய ஊர்களின் சிறிய தொகைகள்தான்.

இவை எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது கைப்பிடி அரிசி. உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப எடுத்து ஒரு தனி டப்பாவில் போட்டுவைத்து, மாதம் ஒருமுறை கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். ரேஷன் அரிசியும் பொன்னி அரிசியும் கலந்து கிடக்கும் அந்தக் குவியலில் எவருடைய பிடி எது என்று தெரியாது. புதிதாக வந்த குடும்பம் ஒன்று, மற்றக் காணிக்கைகள் புரிவதற்கு முன்பாகவே, வந்த வாரத்திலேயே இதைத் தொடங்கிவிடலாம்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நகரத்துச் சம்பளத்தோடு வருகிறவர்கள் முதல் மாதத்திலேயே மின்விசிறி, ஒலிபெருக்கி என்று பெரிய நன்கொடையை அறிவித்துவிடுகிறார்கள். மனம் நல்லதுதான். ஆனால் ஐம்பது குடும்பங்களும் சேர்ந்து இரண்டு ஆண்டாகச் சிறுகச் சேர்த்துவந்த ஒரு காரியத்தை ஒருவர் ஒரே நாளில் முடித்துவிட்டால், சேர்த்தவர்கள் விலகி நின்றுவிடுவார்கள். என்ன தேவை, யார் ஏற்கெனவே முயன்றுகொண்டிருக்கிறார்கள் என்று ஓர் ஆண்டாவது கவனித்த பிறகு, அவர்களோடு சேர்ந்து கொடுங்கள்.

வாரநாட்களில்

சபையின் உயிர் வாரநாட்களில் இருக்கிறது. பெண்கள் ஐக்கிய சங்கம், வாலிபர் ஐக்கியம், ஓய்வுநாள் பாடசாலை, பாடகர் குழு, வீட்டு ஜெபக்கூட்டம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். எல்லாவற்றிலும் சேர்ந்து இரண்டே மாதத்தில் சோர்ந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் வைக்கும் முறை வரும்போது, பாய் விரித்து, வாசல் விளக்கைப் போட்டு, காப்பியோடு சுண்டலோ காராச்சேவோ கொடுத்தால் போதும். அதற்கு மேல் பலகாரம் செய்தால், அடுத்த வாரம் முறை வரும் வீட்டாருக்குப் பாரமாகும்.

எந்தப் பொறுப்பும் ஏற்கத் தயக்கமாக இருந்தால், சனிக்கிழமை மாலையில் ஆலயத்தைக் கூட்டிப் பெருக்க வருகிறவர்களோடு போய்ச் சேருங்கள். அங்கே நான்கைந்து பேர்தான் இருப்பார்கள். பாயைத் தட்டுவதும், புத்தகங்களை அடுக்குவதும், பீடத்துக்குப் பூ வைப்பதும், பழைய மெழுகைச் சுரண்டுவதுமாக ஒரு மணி நேரம் போகும். யாருக்கு வேலை போயிருக்கிறது, யார் வீட்டில் மருத்துவச் செலவு நெருக்குகிறது, எந்தப் பாட்டி மூன்று வாரமாக வரவில்லை என்பதெல்லாம் மேடையில் அறிவிக்கப்படுவதற்கு முன்னால் அங்கேதான் தெரியவரும்.

அறுப்பின் பண்டிகையும் அசனமும்

ஆண்டில் ஒருமுறை, விளைச்சலில் ஒரு பங்கை ஆலயத்துக்குக் கொண்டுவந்து படைக்கும் அறுப்பின் பண்டிகை நடக்கும். வாழைத்தார், முருங்கைக்காய்க் கட்டு, தேங்காய், கருப்பட்டி, கோழி, ஆட்டுக்குட்டி என்று பீடத்தின் முன்பகுதி நிறைந்துவிடும். ஆராதனைக்குப் பிறகு அவை ஏலத்துக்கு வரும். "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று கூவும்போது, சந்தை விலையைக் கணக்குப் பார்த்து ஏலம் கேட்காதீர்கள். இங்கே கேட்கப்படும் தொகை காணிக்கை. ஒரு பூசணிக்காய் அதன் விலையைப்போலப் பல மடங்குக்குப் போகும். எடுத்தவர் அதைத் திரும்பவும் ஏலத்துக்கே கொடுத்துவிடுவதும் உண்டு. ஆனால் உங்களால் கொடுக்க முடிந்த தொகையை வீட்டிலேயே தீர்மானித்துக்கொண்டு போங்கள். ஏலப் பாக்கி குறிப்பேட்டில் ஏறி, அடுத்த பண்டிகை வரை நிற்பது பலருக்கும் மனவருத்தமாக முடிந்திருக்கிறது.

அசனம் என்பது சபையார் எல்லோரும் ஒன்றாகச் சமைத்து ஒன்றாக உண்ணும் பொது விருந்து. ஊருக்கு ஊர் நாள் மாறும். ஆலயப் பிரதிஷ்டை நாளையொட்டி வைக்கும் ஊர்களும் உண்டு. வீட்டுக்கு வீடு அரிசியும் பணமும் சேரும். யாராவது ஆடு நேர்ந்து விட்டிருப்பார்கள். வந்த முதல் ஆண்டு நான் குடும்பத்தோடு நேரத்துக்குப் போய், பந்தியில் அமர்ந்து, வயிறார உண்டு, வீடு திரும்பினேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. இலை போட்டு, இரண்டாம் முறை குழம்பு ஊற்றி, அன்போடுதான் அனுப்பினார்கள். ஆயினும் அன்றைக்கு நான் விருந்தாளியாகத்தான் இருந்தேன் என்பதை அடுத்த ஆண்டுதான் உணர்ந்தேன்.

அடுத்த ஆண்டு முந்தின நாள் மாலையிலேயே போனேன். ஆலயத்தின் பின்புறம் கல்விளக்கு மாதிரி ஒரே ஒரு குண்டு பல்பு. அதன் கீழே சாக்கு விரித்துச் சின்ன வெங்காயம் மலையாகக் குவிந்திருந்தது. எழுபது வயது ஆச்சி ஒருவர் நகர்ந்து இடம்விட்டு, "உரிச்சத வாளியில போடுய்யா, தோலக் காத்துல விட்ராத, காலைல நாமதான் பெருக்கணும்" என்றார். அந்த 'நாம' என்ற சொல்லை நான் மறக்கவில்லை. கண்ணெரிச்சலோடு இரவு பதினொரு மணி வரை உரித்தோம். விடியுமுன் ஆண்கள் மண்ணில் நீளமாக வெட்டிய அடுப்புக்குழியில் விறகை அடுக்கிப் பற்றவைத்தார்கள். வடித்த சோற்றைப் புதிய ஓலைப்பாயில் கொட்டியபோது, ஆவி மேலெழும்பிக் கோபுரத்தின் பாதி வரை மறைத்தது. குருவானவர் வந்து ஜெபித்த பிறகுதான் முதல் கரண்டி எடுக்கப்பட்டது.

ஆகவே அசனத்துக்கு இப்படித் தயாராகுங்கள். ஒரு வாரம் முன்பே கமிட்டியாரிடம் பெயர் கொடுத்து, காய் நறுக்குதல், தண்ணீர் சுமத்தல், பரிமாறுதல், பாத்திரம் கழுவுதல் ஆகியவற்றில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சமையல் பொறுப்பைக் கேட்க வேண்டாம். அது அண்டாவின் அளவும் அடுப்பின் போக்கும் அறிந்த சிலருடையது. பழைய பருத்தி உடை அணிந்து, சொந்தமாக ஒரு கத்தியும் துண்டும் கொண்டுபோங்கள். மற்றச் சமயத்து அண்டை வீட்டாரையும் அழைக்கலாம், அவர்கள் வருவதைச் சபையார் விரும்புவார்கள். பந்தியில் யாருக்குப் பக்கத்தில் இடம் கிடைக்கிறதோ அங்கேயே அமருங்கள். ஒரே வரிசையில், ஒரே சோற்றை, யார் பக்கத்தில் யார் என்று பாராமல் உண்பதற்காகத்தான் இந்த விருந்து. கடைசிப் பந்திக்குப் பிறகு மீந்த சோறும் குழம்பும் வர முடியாத நோயாளிகளின் வீடுகளுக்கு முதலில் போகும். அதற்குப் பிறகு ஆளுக்கொரு தூக்குவாளியில் வாங்கிப்போவார்கள். நீங்களும் வாளி கொண்டுபோக வெட்கப்பட வேண்டாம். அசனச் சோற்றை வேண்டாம் என்று சொல்வதுதான் இங்கே குறையாகப்படும்.

துக்க வீடு

நேரம் தவறிக் கோயில் மணி இடைவெளி விட்டு ஒற்றை ஒற்றையாக அடித்தால், யாரோ இறந்துவிட்டார்கள் என்று பொருள். பழக்கம் இல்லையென்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். துக்க வீட்டில் பேச வேண்டிய அவசியமில்லை. பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் போதும். அந்த வீட்டில் அடுப்பு எரியாது என்பதால், இரவில் விழித்திருப்பவர்களுக்கு ஒரு பிளாஸ்க் கருப்பட்டிக் காப்பியோ, மறுநாள் காலைக்கு இட்லியோ கொண்டுபோவது பூமாலையைவிடப் பயனுள்ளது. யார் எந்த வேளைக்குக் கொண்டுவருகிறார்கள் என்று பக்கத்து வீட்டு மைனியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் காலையில் நான்கு வீட்டு இட்லி வந்து, இரவில் ஒன்றும் இல்லாமல் போகும். அடக்கம் முடிந்த பிறகு கூட்டம் கலைந்துவிடும். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில்தான் அந்த வீட்டில் ஆள் இல்லாத அமைதி கனக்கத் தொடங்குகிறது. அப்போது போகிறவரை அவர்கள் வாழ்நாள் முழுவதும் நினைத்திருப்பார்கள்.

தேர்தல் காலம்

மூன்றாண்டுக்கு ஒருமுறை சபைத் தேர்தல் வரும். இதுவரை ஒரே பாயில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து பேசுவதைப் பார்க்கும்போது புதியவர்களுக்கு அதிர்ச்சியாக இருக்கும். எனக்கு அது இன்னும் வேதனைதான் தருகிறது. முதல் தேர்தலில் வாக்களியுங்கள், ஆனால் எந்த அணியின் கூட்டத்துக்கும் போகாதீர்கள். உங்கள் வீட்டில் கூட்டம் நடத்த இடம் கேட்டால் பணிவாக மறுத்துவிடுங்கள். பதவி தேடிவந்தாலும் ஒரு தவணையாவது கழியட்டும். அந்தக் காலத்தில் இரு தரப்பினரின் வீட்டுக் காரியங்களுக்கும் தவறாமல் போய்வருவது, மனம் முறிந்தவர்கள் திரும்பவும் பேசிக்கொள்ள ஒரு வாசலைத் திறந்துவைக்கும்.

ஊரை விட்டுப் போகும்போது

மாறுதல் உத்தரவு வந்தால், கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே சபை ஊழியரிடம் சொல்லிவிடுங்கள். சங்கக் காணிக்கையையும் ஏலப் பாக்கியையும் தீர்த்து, ரசீதைப் பெற்றுக்கொள்ளுங்கள். உங்களிடம் இருக்கும் ஆலயச் சாவி, ஓய்வுநாள் பாடசாலை வருகைப் பதிவேடு, சங்கத்துக் கணக்குப் புத்தகம், அசனத்துக்கு இரவல் வாங்கிய பாத்திரம் ஆகியவற்றை உரியவர் கையில் நேரடியாக ஒப்படையுங்கள். மாறுதல் கடிதத்தைக் குருவானவர் உங்கள் சபைக்கு வரும் ஞாயிறன்றே வாங்கிக்கொள்ளலாம். தவறினால் சேகரத்துக் குருமனைக்குப் போக வேண்டியிருக்கும். கைப்பிடி அரிசி டப்பாவில் மீதமிருப்பதைப் போகிற வாரத்தில் கோயிலில் கொட்டிவிட்டு, டப்பாவைக் கழுவி, உங்களோடு எடுத்துச் செல்லுங்கள்.